சத்தம் போடுகிறவர் வேடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்சிங் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுத்தருகிற வகுப்பை, இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகளின் தலையில் கட்டிவிட்டார்களாம். பாடத்திட்டத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறதாம். நான் எப்படி நடத்தினேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. உடனே ஒப்புக்கொள்வாள், நீளமாகவும் எழுதுவாள். படித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த வகுப்பு எங்கள் கல்லூரிக்கு வந்தபோது நடத்தத் தெரிந்தவர்கள் யாரும் எங்களில் இல்லை. அதனால் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்திருந்தார்கள். நல்ல மனிதர். கழுத்தில் டை, கையில் ரிமோட், குரல் தேன் மாதிரி. திரையில் பெரிய எழுத்தில் ‘மீள்திறன்’ என்று போட்டார். கடைசி வரிசைக்கு அது ‘மீன்திறன்’ என்று தெரிந்ததோ என்னவோ, அன்று மாலையே அந்த வகுப்புக்கு மீன் வகுப்பு என்று பெயர் விழுந்துவிட்டது.

அவர் எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னார். மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விடச் சொன்னார். விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வார்டில் வேலை பார்த்து, மத்தியானச் சாப்பாடும் முடித்து வந்திருந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. ஒருத்தி குறட்டை விட்டாள். கடைசியில் அவர் எப்படி இருந்தது என்று கேட்க, எழுந்தவர்கள் எல்லோரும் ரொம்ப நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்குமா என்றார்கள். அவர் மனம் குளிர்ந்து ஊருக்குப் போனார். அவரைக் கேலி செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்த மூச்சுப் பயிற்சி நல்ல சரக்கு. பல் டாக்டரின் நாற்காலியில் நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

அடுத்த வகுப்பை நான் எடுக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். எனக்கு டையும் இல்லை, தேன் குரலும் இல்லை. வார்டில் உங்களுக்கு எது ரொம்பப் பயம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ரத்தம், சாவு, பெரிய டாக்டர் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். மேலப்பாளையத்துப் பிள்ளை மைமூன், வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள், எல்லோருக்காகவும் பதில் சொன்னாள்.

“நோயாளிங்க இல்ல மேடம். அவங்க சொந்தக்காரங்க.”

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கொட்டினார்கள். டாக்டர் ஏன் வரவில்லை, ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குப் போட்ட ஊசியை எங்களுக்கு ஏன் போடவில்லை என்று எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குவது சீருடையில் முதலில் கண்ணில் படுகிற பிள்ளைதான். பெரிய டாக்டரைத் திட்ட முடியாது. தலைமை நர்ஸைத் திட்டினால் திருப்பிக் கிடைக்கும். மாணவியைத் திட்டினால் செலவில்லை.

செய்முறை அறையில் ஊசி போடவும் படுக்கை மாற்றவும் பழகுவதற்கு ஒரு முழு ஆள் பொம்மை கிடக்கும். எந்தக் காலத்து மாணவியோ அதற்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்திருந்தாள். அந்த அண்ணாச்சியைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒருத்தி சொந்தக்காரராகவும் ஒருத்தி நர்ஸாகவும் நடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். இரண்டு வேடத்தில் எதற்குக் கூட்டம் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. சத்தம் போடுகிறவர் வேடத்துக்கு அடிதடி. நர்ஸ் வேடத்துக்குச் சீட்டுக் குலுக்கி ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி துண்டைத் தோளில் போட்டு மீசையைத் தடவுவாள். ஒருத்தி அண்ணாச்சியின் நெஞ்சில் விழுந்து ஒப்பாரி வைப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்டு முதல்வர் வந்து எட்டிப் பார்த்தார். இது பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறது என்று கேட்டார். மீள்திறன் என்று சொன்னேன். போய்விட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் இசக்கியின் முறை வந்தது.

இசக்கி சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பா இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். கடைசிப் பெஞ்சில் உட்காருவாள், கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். அன்று சொந்தக்காரர் வேடம் அவளுக்கு, நர்ஸ் மைமூன். இசக்கி மீசையும் தடவவில்லை, துண்டும் போடவில்லை. கட்டில் பக்கம் வந்து நின்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

“காலையிலேருந்து வெளிய உக்காந்திருக்கோம். எங்க அப்பாவுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிய. நல்லா இருக்காவளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

மைமூன் வழக்கம்போல, டாக்டர் வந்து சொல்வார், அமைதியாக இருங்கள் என்றாள். அவ்வளவுதான். இசக்கியின் குரல் படிப்படியாக ஏறியது. அவள் கத்திய வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனாலும் கேட்க முடியவில்லை. மைமூனுக்கு வாய் அடைத்துப்போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது. உண்மையான கண்ணீர். நான் எழுந்து நிறுத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இசக்கி சிரிக்கவில்லை. இடத்தில் போய் உட்கார்ந்து, முந்தின மாதிரியே தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று முதல் அவள் வகுப்புக்கு ஒரு பரீட்சை ஆகிவிட்டாள். இசக்கி கத்தும்போது தாக்குப்பிடித்தால் எந்த வார்டிலும் தாக்குப்பிடிக்கலாம் என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள். ஆனால் நர்ஸ் வேடம் அவளுக்கு விழுந்த நாளில் வேறு கதை. எதிரே நிற்பவள் வாயைத் திறந்ததும் இவள் சிலை. நானும் சொல்லிப் பார்த்தேன், மைமூன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தும் பார்த்தாள். ஒரு சொல் வரவில்லை. வார்டிலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் வருகிற நேரத்தில் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அறுவைசிகிச்சை வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். “கை தங்கம் மேடம், வாய்தான் பூட்டு” என்று அவளைப் பற்றி என்னிடம் சொன்னார். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் பதில் சொன்னேன்.

அவர்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அந்த விடுமுறைக்காலம் வந்தது. மணிமுத்தாறு அருவிக்குக் குடும்பத்தோடு போயிருந்த ஒரு பையன் பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்டு விழுந்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுத்துப் போனார்கள். தியேட்டரும் அறுவைசிகிச்சை வார்டும் ஒரே மாடி. பையனைத் தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுத்தவர்களில் இசக்கியும் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அருவியில் குளித்த ஈரம்கூடப் பலருக்குக் காயவில்லை. கீழே யாரோ மாடிக்குப் போகச் சொல்ல, மொத்தக் கூட்டமும் வார்டுக்கு வந்துவிட்டது.

டாக்டர்கள் எல்லோரும் தியேட்டருக்குள். நான் சொன்ன சிஸ்டர், வேறொரு நோயாளிக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கியதால் அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாத நிலை. காவலாளி கீழே கேட்டில். வார்டில் மீதி இருந்தது நானும் என் பிள்ளைகளும்தான். கூட்டத்தின் முன்னால் வந்தவர் அடிபட்ட பையனின் அண்ணன். வாட்டசாட்டமான ஆள்.

“எவம்லே இங்க டாக்டரு? எந்தம்பிய எங்கன கொண்டுபோய் வச்சிருக்கிய?”

கை வீசியதில் குளுக்கோஸ் தொங்கவிடுகிற ஸ்டாண்டு ஒன்று தரையில் விழுந்து உருண்டது. என் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் இப்படிப்பட்ட கூட்டத்தை நான் பல தடவை பார்த்தவள். அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன், கண்டிப்பான குரல். அதை எடுத்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன். அதற்குள் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சீருடை போய் நின்றது. இசக்கி.

இங்கேதான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். மாணவி மேல் ஓர் அடி விழுந்தால் பொறுப்பு நான்தான். அவளைப் பின்னால் இழுப்பதுதான் முறை. அதே நேரம், வருஷம் முழுக்கத் திரைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை தானாக வெளியே வந்து நிற்கிறாள். இப்போது இழுத்தால் இனி வரமாட்டாள். மைமூனைக் காவலாளியைக் கூட்டிவர அனுப்பினேன். நான் இசக்கிக்கும் அந்த ஆளுக்கும் நடுவே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் போய் நின்று, என் கண்டிப்பான குரலை விழுங்கிக்கொண்டேன். நான் எடுத்ததிலேயே கடினமான முடிவு வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ படிக்க வந்த பிள்ளதான? ஒனக்கு என்ன தெரியும்?”

இசக்கி முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையில் கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போனது. மூச்சை எண்ணுகிறாள். சென்னைக்காரர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

“படிக்க வந்த பிள்ளதான், அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுதேன். உங்க தம்பிய தியேட்டருக்குள்ள கொண்டுபோகும்போது நான் கூடப் போனேன். மூச்சு இருந்துச்சு. இப்ப ஆபரேசன் நடக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்லுதேன். சொல்லாம நான் வீட்டுக்குப் போவ மாட்டேன்.”

அமைதியாக இருங்கள் என்று அவள் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பயப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஆள் மறுபடி சத்தம் போட்டார், ஆனால் இந்தத் தடவை வாக்கியம் முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. இசக்கி அவரைத் தாண்டிப் போனாள். கூட்டத்தின் பின்னால், ஈரச் சேலையோடு, செருப்பில்லாத காலோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பையனைப் பெற்றவர். இத்தனை பேர் இத்தனை சத்தம் போட்டும் அவரை ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட. இசக்கி அவர் கையைப் பிடித்து, பைய நடத்திக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்து, போர்வை ஒன்றை எடுத்து மேலே போர்த்திவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அண்ணன், குனிந்து விழுந்த ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தைச் சுவர் ஓரமாகத் திருப்பியும் வைத்தார். மைமூன் காவலாளியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, காவலாளிக்கு வேலை இல்லை.

இசக்கி தியேட்டர் வாசலுக்குப் போனாள். உள்ளே இருந்து வந்த நர்ஸிடம் கேட்டாள். திரும்பி வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, “இன்னும் முடியலம்மா. புதுசா ஒண்ணும் சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனாள். மறுபடி அதே பதில், மறுபடி வந்து சொன்னாள். சேதி இருந்தால் போய்ச் சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும். சேதி இல்லை என்பதைச் சொல்ல எழுந்து போவதற்கு நமக்குக் கால் வராது. அந்தக் குடும்பம் அவள் ஒவ்வொரு தடவை வரும்போதும் எழுந்து நின்றது. அவள் போகும்போது உட்கார்ந்தது. கூட்டத்தில் இருந்த யாரும் அதற்குப் பிறகு குரலை உயர்த்தவில்லை.

சாயங்காலம் எங்களைத் திருப்பிக் கொண்டுபோகக் கல்லூரி பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் ஏறினார்கள். இசக்கி ஏறவில்லை. சொல்லாமல் போகமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன் மேடம் என்றாள். மாணவிகள் வேலை நேரம் முடிந்து வார்டில் தங்கக்கூடாது என்பது விதி. அதை நானே பல பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். டிரைவர் ஹார்ன் அடித்தார். நான் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, அவளோடு நின்றுவிட்டேன். முதல்வரிடம் மறுநாள் என்ன சொல்வது என்பதை மறுநாள் யோசித்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ரத்தக்கட்டை எடுத்தாயிற்று, இன்னும் இரண்டு மூன்று நாள் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அவர் சொன்னதை அந்த அம்மா புரிந்துகொண்ட மாதிரித் தெரியவில்லை. இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து அதையே தன் பேச்சில் இன்னொரு தடவை சொன்னாள். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். இடது கை மட்டும் வெகுநாள் சொன்னபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கேன்டீனில் போய் உட்கார்ந்தோம். டீ வந்தது. இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். வகுப்பில் கற்றுக்கொண்டேன் என்று சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்ததை மறைக்கவில்லை.

“கிளாஸ்ல நான் நடிக்கல மேடம்” என்றாள். “ஒரு தடவ நெசமாவே கத்துனதத்தான் திருப்பிச் சொன்னேன்.”

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் அப்பாவை வயலில் பாம்பு கடித்திருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. காலையிலிருந்து அவளும் அம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா மத்தியானமே போய்விட்டார். அவர்களுக்கு யாரோ அதைச் சொன்னபோது விளக்கேற்றும் நேரம். இடையில் அவள் ஒரு நர்ஸைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். வயதில் சின்னவர், அவளுக்கு அக்கா மாதிரி இருப்பார். அவர் வாயே திறக்காமல் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்ப வரவில்லை.

“நர்ஸ் வேஷத்துல நின்னா அந்தக்கா மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும் மேடம். என்னையவே பார்த்துக்கிட்டு நின்னாவ. திமிருன்னு நெனச்சேன். இன்னைக்கு அந்த அண்ணாச்சி முன்னால நின்னப்ப எனக்கும் தொண்ட அடச்சுப்போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்தக்காவுக்கும் இப்பிடித்தான் அடச்சிருக்கும்னு.”

சொல்லிவிட்டு அழுதாள். நான் தடுக்கவில்லை. டீ ஆறிப்போனதால் இன்னொன்று சொன்னேன்.

இசக்கி இப்போது ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இன்றும் சில நாட்களில் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அழுகிறாளாம், மறுநாள் வேலைக்கும் போகிறாளாம். மீள்திறன் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் நான் அதைத்தான் சொல்லுவேன். நீங்கள் வகுப்பு எடுக்கும்போது பிள்ளைகளைக் கல்லாக்கிவிடப் பார்க்காதீர்கள். கல்லுக்குச் சேதி சொல்ல வராது. ஒவ்வொருத்தியும் ஏற்கெனவே ஏதோ ஒரு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தவளாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்று கேன்டீனில் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது இசக்கி வெளியே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். அம்மா பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்பார் என்றாள். அவள் போன் கல்லூரியில் பூட்டிக் கிடந்தது. நான் என் போனை எடுத்து, எண் கேட்டு, அழைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நான் உங்கள் மகளின் ஆசிரியை, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், இன்று வார்டில் ஒரு கேஸ் வந்தது, அதனால் பஸ்ஸை விட்டுவிட்டோம். மறுமுனையில் போனை எடுத்ததும் பின்னால் ஒரு டவுன் பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. யாரு, என்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் நான் வரிசைப்படுத்தியது எல்லாம் போய்விட்டது.

“இசக்கி நல்லா இருக்காம்மா” என்றேன். பிறகுதான் நான் யார் என்பதையும், மற்றதையும் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் நானே ஏற்றி அனுப்புகிறேன், கொஞ்சம் நேரமாகும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த அம்மா மூச்சை விடுகிற சத்தம் கேட்டது.

“மொத வார்த்தையிலயே நல்லா இருக்கான்னு சொல்லிட்டியளே, டீச்சரம்மா” என்றார். “பொறவு பஸ்ஸு எப்ப வந்தா என்ன.”